இடக்கைக் கோடுகள்

ரொட்டி கறுக்க வேண்டும், நனையக் கூடாது.

ஃபைஸா அந்தத் துண்டை விரலிடுக்கில் வைத்து மறுபடியும் நசுக்கிப் பார்த்தாள். பெரம்பலூர் பேக்கரியில் வாங்கி, துணிமேல் பரப்பி உலர வைத்த ரொட்டி. ஓரத்தைச் சீவிவிட்டு நடுவில் இருக்கும் வெள்ளையை மட்டும் உதிர்த்து, பழைய காகிதத்தின் மேல் மெல்ல உருட்டினால் எத்தனையோ காலத்துப் புகையும் தூசியும் அதில் ஒட்டிக்கொண்டு வரும். ரப்பர் மாதிரி காகிதத்தைச் சுரண்டாது. சென்னையில் இதே வேலையைப் பல படங்களுக்குச் செய்தவள் அவள். எப்போதும் கறுத்த தூள்தான் வரும், மொரமொரவென்று காய்ந்த தூள். இங்கே, லப்பைக்குடிக்காட்டில் சைபுல்லா மாமா வீட்டு மாடியறையில், ஆனிக் காற்று ஜன்னல் கம்பிகளில் மணலை அள்ளி வீசிக்கொண்டிருந்த முற்பகலில், ரொட்டி ஊறிக் கொழகொழத்து ஓர் உருண்டையாகியிருந்தது. அதைக் காகிதத்திலிருந்து எடுத்தபோது கூடவே ஒரு நூல் இழுபட்டு, நீண்டு, அறுந்து, அவள் மணிக்கட்டில் விழுந்தது.

எச்சில் மாதிரி இருந்தது.

துப்பட்டா நுனியால் அழுத்தித் துடைத்தாள். துடைத்த இடத்தை மூக்கருகே கொண்டுபோனதுதான் தப்பு. பல்லிடுக்கில் கறி சிக்கியபடி தூங்கி எழுந்தவனின் வாய் நாற்றம். காகிதத்தைத் தொட்டுப் பார்த்தாள். உலர்ந்துதான் இருந்தது.

படத்தில் ஒரு மனிதன் உட்கார்ந்திருந்தான். கழுத்தைச் சுற்றி மடிப்பு வைத்த பழங்காலத்து வெள்ளைக்காரச் சட்டை, எலும்போடு ஒட்டிய கன்னம், இறுக மூடிய உதடுகள். முழுவதும் பென்சில் வேலை. மார்புக்குக் கீழே என்ன இருக்கிறது என்றே தெரியாதபடி பழுப்பும் கறுப்புமாக அழுக்கு மண்டியிருந்தது. எந்த நாட்டில், யார் வரைந்தது என்பது யாருக்கும் உறுதியில்லை. ஃபைஸா வேலை பார்க்கும் சென்னை ஏல நிறுவனம் போன வருடம், தொண்ணூற்றெட்டில், இதை ஏலத்துக்கு வைத்தது. 'யார் கை என்று தெரியவில்லை' என்று பட்டியலில் அச்சாகியிருந்ததால் கூடத்தில் ஒரு கைகூட உயரவில்லை. படம் திரும்ப மாமா வீட்டுக்கே வந்தது. இப்போது நிறுவனத்தின் தலைவர் அரங்கநாதன் இன்னொரு வாய்ப்பு கொடுத்திருந்தார். அழுக்குக்கு அடியில் கையெழுத்து இருந்தாலோ, கோடுகளை வைத்து ஆளை அடையாளம் சொல்ல முடிந்தாலோ, அடுத்த ஏலத்தில் சேர்த்துக்கொள்ளலாம். அடையாளம் கண்டவள் என்று அவள் பெயரையும் போடுவதாகச் சொல்லியிருந்தார். அந்த ஒரு வரிக்காகத்தான் லீவு போட்டுவிட்டு அவள் உம்மாவின் அண்ணன் வீட்டில் வந்து உட்கார்ந்திருந்தாள்.

படியில் காலடி கேட்டது. மாமி ஹஃபீசா முந்தானையால் மூக்கைப் பொத்தியபடி வாசலிலேயே நின்றாள்.

"எப்புடிம்மா இதுக்குள்ள குந்தியிருக்கே? கொடலப் பொரட்டுது."

"பழைய காகிதம் மாமி. அப்படித்தான் இருக்கும்."

"காயிதம் இப்புடி நாறுமா? யாரோ வாயத் தொறந்து போட்டுக்கிட்டு தூங்குறாப்புல இருக்கு. வித்துத் தொலைங்கன்னு ஒங்க மாமாகிட்ட நித்தம் மல்லுக்கட்டுறேன். நீயாச்சும் ஒரு வழி பண்ணு."

"பேர் மட்டும் தெரிஞ்சிட்டாப் போதும் மாமி. நானே எடுத்துக்கிட்டுப் போயிடுறேன்."

நனைந்த ரொட்டியை நாளிதழோடு சுருட்டி மாமியிடம் கொடுத்தாள். மாமி அதை விரல் நுனியால் வாங்கிக்கொண்டு இறங்கிப் போனாள். கொல்லைப்பக்கம் அவள் அதை உதறுவதும், கோழிகள் இறக்கையை அடித்துக்கொண்டு ஓடி வருவதும் மேலே கேட்டது. பிறகு கொத்தும் சத்தம். கோழிகள் சாதாரணமாக இரை கொத்தும்போது சண்டை போடும், கொக்கரிக்கும். இவை ஒரு சத்தமும் போடாமல் கொத்தின, டக் டக்கென்று, எல்லாம் ஒரே தாளத்தில்.

அன்று சாயங்காலத்துக்குள் ஒரு மேசையின் விளிம்பு தெரிந்தது. அதன்மேல் ஒரு தட்டு. தட்டு காலி. ஃபைஸா பூதக்கண்ணாடியை வைத்து நிழல் விழுந்த இடங்களைப் பார்த்தபோது அருவருப்பெல்லாம் கொஞ்ச நேரம் மறந்துபோயிற்று. நெருக்கி நெருக்கிச் சாய்வாகப் போட்ட கோடுகள். வலக்கைக்காரன் போடும் கோடு வலப்பக்கமாக மேலேறும். இவை அத்தனையும் இடப்பக்கமாக மேலேறின. இடக்கையால் வரைந்தவன். இந்தப் பாணிக்கு அவள் சந்தேகித்திருந்த ஐரோப்பிய ஓவியப் பட்டறையில் இடக்கைப் பழக்கம் உள்ளவர் ஒரே ஒருவர்தான் இருந்ததாகப் படித்திருந்தாள், அது பெரிய பெயர்.

கீழே வந்து அரங்கநாதன் சாருக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டு, மாமாவிடமும் சொன்னாள். சைபுல்லா மாமா பல வருடம் குவைத்தில் கார் ஓட்டியவர், அதிகம் பேசமாட்டார். தேநீர் டம்ளரைக் கையில் உருட்டியபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"இதை உங்களுக்குக் கொடுத்த டாக்டர் யாரு வரைஞ்சதுன்னு ஒண்ணும் சொல்லலையா மாமா?"

"அவரு எங்க சொன்னாரு. வெள்ளக்கார டாக்டரு, தனியா இருந்தாரு. வேலைய விட்டுட்டு ஊருக்குப் போறப்ப ஏர்போர்ட்ல வச்சு என் கையில திணிச்சாரு. உருவம் போட்ட படத்த நாம வூட்டுல மாட்ட முடியுமா? பொட்டியில போட்டு வச்சிட்டேன்." டம்ளரைக் கீழே வைத்தார். "அவருக்குப் பல்லே இல்ல புள்ள. என் வயசுதான் இருக்கும். விழுந்த பல்லு இல்ல. தேஞ்சு தேஞ்சு ஈறோட ஈறாப் போயிருந்துச்சு. எந்நேரமும் எதையோ மென்னுக்கிட்டே இருப்பாரு. கேட்டா வாயத் தொறந்து காட்டுவாரு. உள்ள ஒண்ணும் இருக்காது."

மாமி அடுப்படியிலிருந்து அதட்டினாள். "டீ குடிக்குற நேரத்துல என்ன பேச்சு இது."

மறுநாள் காலையில் மாடியறைக் கதவைத் திறந்தவுடன் அந்த நாற்றம் ஈரத் துணிபோல் முகத்தில் அப்பியது. ஜன்னலை அகலத் திறந்து வைத்துவிட்டுப் படத்தை மூடியிருந்த மெல்லிய தாளை எடுத்தாள். தாளின் அடிப்பக்கம் ஓரிடத்தில் ஈரமாக, சுருங்கி, பழுப்பு வளையம் கட்டியிருந்தது. தூங்குகிறவனின் தலையணை உறையில் கட்டும் வளையம் போல. கீழே பார்த்தாள். அந்த மனிதனின் வாய்க்கு நேரே இருந்த இடம் அது.

வாய் மூடித்தான் இருந்தது. ஆனால் நேற்று அவ்வளவு இறுக்கமாக மூடியிருந்ததா?

அழுக்கு போகப் போக முகம் வேறு மாதிரித் தெரியத்தான் செய்யும். அப்படித்தான் தனக்குச் சொல்லிக்கொண்டாள். மூச்சை வாயால் இழுத்துக்கொண்டு, அது இன்னும் மோசம் என்று தெரிந்து நிறுத்தி, கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டு ரொட்டியை உருட்டத் தொடங்கினாள். ரொட்டி உடனே நனைந்தது. இன்று அதில் சூடும் இருந்தது. யாரோ வாயில் கொஞ்ச நேரம் அதக்கிவிட்டு அவள் கையில் துப்பியது போன்ற வெதுவெதுப்பு. நகக்கண்களில் சாம்பல்நிறப் பிசின் ஏறியது. இருந்தாலும் கையை எடுக்கவில்லை. பிசுக்குக்கு அடியிலிருந்து ஒரு சட்டைக்கை வெளிப்பட்டது, பிறகு மணிக்கட்டு, பிறகு தட்டை நோக்கி நீண்ட விரல்கள். இடக்கை. விரல்களைக் குவித்து, ஒரு கவளத்துக்காகக் காத்திருந்தது.

கீழ் மூலை மட்டும் பாக்கி. கையெழுத்து இருந்தால் அங்கேதான் இருக்க வேண்டும்.

கையைக் கழுவக் கொல்லைக்குப் போனாள். சோப்புப் போட்டாள், சாம்பல் போட்டாள், நாற்றம் போகவில்லை. நிமிர்ந்தபோதுதான் கோழிகளைப் பார்த்தாள். நிழலில் வரிசையாக நின்றன. ஒன்றும் தரையைக் கீறவில்லை, ஒன்றும் தலையை ஆட்டவில்லை. எல்லாவற்றின் அலகும் கொஞ்சம் திறந்திருந்தது. கோழிக்கு எச்சில் ஊறி அவள் பார்த்ததில்லை. இவற்றின் அலகுகளிலிருந்து சாம்பல்நிற இழைகள் தொங்கி, காற்றில் ஆடி, மண்ணில் படிந்து கொண்டிருந்தன. வரிசையின் நடுவில் ஓர் இடம் காலியாக இருந்தது.

அடுப்படியிலிருந்து மசாலா வாசனை வந்தது.

"மாமி, கோழியா அறுத்தீங்க?"

"நாளைக்குப் பொறப்படுறேங்கிற. சும்மாவா அனுப்புவேன்?" மாமி அகப்பையை எடுத்துச் சட்டியின் விளிம்பில் தட்டினாள். "நல்ல சதைப்பத்து. என்னமோ தெரியல, எரப்பையில ஒரு மணி தானியம் இல்ல. எல்லாம் மாவு கரைச்ச மாதிரி, கஞ்சியாட்டம். வழிச்சுக் கழுவிட்டேன்."

அப்போதே சொல்லியிருக்கலாம். என்னவென்று சொல்வது? எச்சில் வழியும் கோழி என்றா, படம் நனைக்கும் ரொட்டி என்றா? மாமி சிரிப்பாள். ஃபைஸா மாடிக்குப் போய்க் கீழ் மூலையைத் துடைத்தாள். பிசுக்கு அடை அடையாக வந்தது. உள்ளே எழுத்து இல்லை, பெயர் இல்லை. அதே சாய்ந்த கோடுகள், நெருக்கமாக, மூலைவரை. மூலையைத் தாண்டிக் காகிதத்தின் விளிம்புக்கு வெளியேயும் போக விரும்பியவை மாதிரி விளிம்பில் அழுந்திக் கிழித்திருந்தன.

மதிய லுஹர் தொழுகை முடிந்து மாமா பள்ளிவாசலிலிருந்து வந்தார். விருந்தாளி இருந்தால் எல்லாரும் பாயில் உட்கார்ந்து ஒரே சஹனில், அந்த அகலத் தட்டில், சேர்ந்து சாப்பிடுவது அந்த வீட்டு வழக்கம். நெய்ச்சோற்றின் ஆவியும் கோழி ஆணக் குழம்பின் சூடும் முகத்தில் பட, இரண்டு நாளாக மூக்கில் தங்கியிருந்த நாற்றம் கொஞ்சம் விலகியது. பிஸ்மில்லா சொல்லிவிட்டு மாமா முதல் கவளத்தை எடுத்தார். மாமி ஒரு தொடைக்கறியை ஃபைஸாவின் பக்கம் தள்ளினாள். அவள் ஒரு துண்டைப் பிய்த்துச் சோற்றோடு பிசைந்து வாயில் போட்டாள். பசி. இரண்டு மெல்லில் விழுங்கிவிட்டாள். நாக்கில் உப்பும் காரமும் போன பிறகு, கடைசியாக, ஈயம் நக்கினாற்போல் ஒரு குளிர்ச்சி.

மறுபடியும் பிய்க்கக் கை வைத்தபோது கறியின் நார்களைப் பார்த்தாள்.

வெந்த கோழிக்கறி நீளவாக்கில் இழை இழையாகப் பிரியும். இதில் இழை இல்லை. வெள்ளைச் சதை முழுவதும் சாம்பல்நிறத்தில் மெல்லிய கோடுகள், நெருக்கி நெருக்கி, சாய்வாக. எல்லாம் இடப்பக்கமாக மேலேறின. பிய்த்தாள். உள்ளேயும் கோடுகள். எலும்புவரை கோடுகள்.

விரலை உதறினாள். மாமாவிடம் சொல்ல வாய் திறந்து நிமிர்ந்தாள்.

மாமா இடக்கையால் சாப்பிட்டுக் கொண்டிருந்தார்.

சின்ன வயதில் அவள் ஒருமுறை இடக்கையால் முறுக்கெடுத்ததற்குக் கையில் சுள்ளென்று அடித்தவர். கழுவுகிற கையால் எவனாவது சோறு தின்பானா என்று கேட்டவர். இப்போது அந்தக் கையின் ஐந்து விரலையும் சோற்றில் புதைத்து, குழைத்து, குவித்து, வாய்க்குக் கொண்டுபோனார். வலக்கை தொடைமேல் செத்த மாதிரிக் கிடந்தது.

"மாமா. இடக்கையில சாப்பிடுறீங்க."

"ஆமா," என்றார் சாந்தமாக. அடுத்த கவளத்தை எடுத்தார்.

மாமியைப் பார்த்தாள். மாமியின் இடக்கையும் தட்டில் இருந்தது.

மென்றார்கள். இருவரின் தாடையும் ஒரே நேரத்தில் இறங்கி, பக்கவாட்டில் அரைத்து, ஒரே நேரத்தில் ஏறியது. சோறு குறைந்தது. கறி தீர்ந்தது. தட்டின் அடி தெரிந்தது. கைகள் நின்றன. தாடைகள் நிற்கவில்லை. மாமியின் உதட்டோரத்திலிருந்து சாம்பல்நிற இழை ஒன்று புறப்பட்டு, தாடையைத் தாண்டி, ஆடி ஆடி நீண்டு, தட்டில் ஃபைஸாவின் பங்குச் சோற்றின்மேல் விழுந்து குட்டையாகத் தேங்கியது.

"சாப்புடும்மா," என்றாள் மாமி. "ஆறிப்போயிடும்."

பேசியபோது வாய் திறந்தது. உள்ளே ஒன்றும் இல்லை. ஒரு பருக்கை இல்லை. நாக்கு மட்டும். நாக்கின் மேல் கோடுகள்.

ஃபைஸா எழுந்தாள். சுவரைப் பிடித்தாள். மாடிப்படி. கைப்பை மேலேதான் இருந்தது. அறைக்குள் போகும்போது படத்தைப் பார்க்கக் கூடாது என்று நினைத்தாள், பார்த்தாள். அந்த மனிதனின் ஒட்டிய கன்னம் இல்லை. கன்னம் இரண்டும் கொழுத்து, எண்ணெய் மினுமினுக்க, கழுத்து மடிப்பின் மேல் சதை பிதுங்கியிருந்தது. வாய் திறந்திருந்தது. தட்டு நக்கித் துடைத்தாற்போல் இருந்தது. குவித்த விரல்கள் அடுத்ததற்காக நீண்டிருந்தன.

பையை எடுத்துக்கொண்டு ஓடினாள். கூடத்தைத் தாண்டும்போது திரும்பவில்லை. சத்தம் மட்டும் வாசல்வரை வந்தது. சப். சப். சப்.

பெரம்பலூர் பஸ் புறப்படத் தயாராக நின்றது. ஏறினாள். ஜன்னலோரம். புழுதி. வெயில். குன்னம் தாண்டியதும் கண்டக்டரிடம் சைகை காட்டி இறங்கி, சாலையோரக் கருவை மரத்தடியில் குனிந்து தொண்டைக்குள் விரலை விட்டாள். சோறு வந்தது. நெய் வந்தது. காலையில் தின்ற இட்லிகூட வந்தது. கறி வரவில்லை. மறுபடி விட்டாள், மறுபடி, தொண்டை கீறி ரத்தம் வரும்வரை. கறி வரவில்லை. பஸ்ஸிலிருந்து ஒரு பெண் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். "மாசமா இருக்கியாம்மா?" என்று பரிவாகக் கேட்டாள். ஃபைஸா தலையாட்டி மறுத்தாள். வாயைத் திறக்கப் பயமாக இருந்தது.

பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் எல்லாம் சாதாரணமாக இருந்தது. வெள்ளரிப்பிஞ்சு விற்றார்கள், திருச்சி வண்டிக்கு ஆள் கூப்பிட்டார்கள். எஸ்.டி.டி. பூத்தின் கண்ணாடிக் கதவை இழுத்துச் சாத்தியதும் அந்த இரைச்சல் அடங்கியது. அரங்கநாதன் சாரின் நேரடி நம்பரைப் போட்டாள்.

"ஃபைஸாவா? நல்ல சேதிதானே? கையெழுத்து இருந்துதா?"

"இல்ல சார். இல்ல. அந்தப் படம் நமக்கு வேண்டாம். ஏலத்துல சேர்க்காதீங்க."

"என்ன சொல்ற? நேத்து நீ போன்ல சொன்னதும் போன வருஷம் எடுத்த ஃபோட்டோவைப் பெரிசாக்கிக் காட்டினேன், ரெண்டு நிபுணர்கள் ஒத்துக்கிட்டாங்க. இடக்கைக் கோடு, சந்தேகமே இல்லைன்னுட்டாங்க. பட்டியல் அச்சுக்குப் போயாச்சு. உன் பேரும் போட்டாச்சு. உங்க மாமாகிட்டக்கூட இப்பத்தான் பேசினேன். நாளைக்கே எடுத்துக்கிட்டு வரேன்னார். ரொம்ப சந்தோஷமா இருந்தார்."

"மாமா பேசினாரா சார்?"

"பேசினார். அவரும் உன்ன மாதிரியேதான்." சார் கொஞ்சம் சிரித்தார். "முதல்ல வாயில இருக்கறத முழுங்கிட்டுப் பேசும்மா. ஒண்ணும் புரியல."

அவள் வாயில் ஒன்றும் இல்லை.

ரிசீவரைக் காதிலிருந்து எடுத்தாள். சத்தம் கேட்டது. ஈரமாக, நிதானமாக. சப். சப். கையால் வாயைப் பொத்தினாள். உதடு மூடியிருந்தது. தாடை அசையவில்லை. சத்தம் நிற்கவில்லை.

கையைத் தொண்டைக்கு இறக்கினாள். அங்கே இல்லை. மார்புக்கு. அங்கே இல்லை.

இன்னும் கீழே.

கண்ணாடிக்கு வெளியே பூத்காரர் எழுந்து நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பார்வை அவள் முகத்தில் இல்லை. விலா எலும்புக்குக் கீழே, துணிக்கு அடியில், தோலுக்கும் அடியில், கெட்டியாக ஒரு வரிசை எழும்பி வந்து அவள் உள்ளங்கையில் முட்டியது. பல். இன்னொரு வரிசை அதன்மேல் மெல்ல உட்கார்ந்து, அரைத்தது. பிறகு இரண்டும் விலகின. சுடச்சுட ஒரு மூச்சு, துணியைத் தாண்டி, கையில் பட்டது.